இஸ்லாமிய வங்கியின் ஆண்டறிக்கையை வாசிக்கும் முறை

ஓர் இஸ்லாமிய வங்கியின் ஆண்டறிக்கையைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் நேராக நிகர லாபத்தைத் தேடிச் சென்று, அதைச் சென்ற ஆண்டின் எண்ணோடும் வழக்கமான வங்கி ஒன்றின் எண்ணோடும் ஒப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த ஒப்பீட்டில் தவறு நேர்வதற்கு வாய்ப்பு மிகுதி. வட்டி அடிப்படையில் இயங்கும் வங்கியில் வைப்பாளருக்குக் கொடுக்கும் வட்டி ஒரு செலவு. அது கழிந்த பிறகு எஞ்சுவது பங்குதாரரின் லாபம். இஸ்லாமிய வங்கியில் வைப்பாளர்களில் ஒரு பெரும் பகுதியினர் லாபத்தில் பங்கு பெறவும் நட்டத்தைத் தாங்கவும் ஒப்புக்கொண்டு முதல் போட்டவர்கள். ஆகவே அங்கே லாபம் ஈட்டப்பட்ட பிறகு அதைப் பங்கிடுவது என்ற இன்னொரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் நிர்வாகத்தின் விருப்பத்துக்கு நிறைய இடம் உண்டு. யாருடைய பணம், அது எந்த ஒப்பந்தத்தின் வழியே சென்றது, வந்ததை எந்த வரிசையில் பிரித்தார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல், அந்த வங்கி நன்றாக நடக்கிறதா என்று சொல்ல முடியாது. அவ்விடைகளை அறிக்கைக்குள் எங்கே, எப்படித் தேடுவது என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். கூட்டல் கழித்தலும் சதவீதக் கணக்கும் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம்.

கணக்குக் கொள்கைகளிலிருந்து தொடங்குங்கள்

முதலில் திறக்க வேண்டியது, இருப்புநிலைக் குறிப்புக்குப் பின்னால் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் கணக்குக் கொள்கைகள் என்னும் குறிப்பு. அதன் தொடக்கத்திலேயே அறிக்கை எந்த நியமங்களின்படி தயாரிக்கப்பட்டது என்று எழுதியிருப்பார்கள். இத்துறையில் இரண்டு மரபுகள் உள்ளன. ஒன்று, உலகெங்கும் நிறுவனங்கள் பின்பற்றும் ஐஎஃப்ஆர்எஸ் என்னும் பன்னாட்டு நிதி அறிக்கை நியமங்கள். மற்றொன்று, இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கென்றே ஆயோஃபி (AAOIFI) என்னும் கணக்கியல், தணிக்கை அமைப்பு வெளியிடும் நியமங்கள். இந்த அமைப்பு 1990இல் அல்ஜியர்ஸில் கையெழுத்தான உடன்படிக்கையின் வழியே உருவாகி, 1991இல் பஹ்ரைனில் பதிவு பெற்றது. கணக்கியல் நியமங்களுடன் ஷரீஅத் நியமங்களையும் அது வெளியிடுகிறது. சில நாடுகளில் ஆயோஃபி நியமங்கள் கட்டாயம்; சிலவற்றில் ஐஎஃப்ஆர்எஸ் மட்டுமே சட்டம்; வேறு சிலவற்றில் ஐஎஃப்ஆர்எஸ் கணக்குடன் கூடுதல் வெளிப்படுத்தல்களை மைய வங்கி கேட்கிறது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். ஒரு வங்கியில் பங்குதாரர் மூலதனம் 100 கோடி, நடப்புக் கணக்குகளில் 300 கோடி, லாபப் பங்கு பெறும் முதலீட்டுக் கணக்குகளில் 800 கோடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சொத்து 1,200 கோடி. ஐஎஃப்ஆர்எஸ் மரபில் முதலீட்டுக் கணக்குகள் பொதுவாகப் பொறுப்புகளாகவே காட்டப்படுவதால், சொத்தில் 91.7 சதவீதம் பொறுப்பு என்று வரும். ஆயோஃபி மரபில் அந்த 800 கோடி, பொறுப்புக்கும் மூலதனத்துக்கும் நடுவே, மூலதனத்தை ஒத்த நிதி என்ற தனித் தலைப்பில் நிற்கும். அப்போது பொறுப்பு 25 சதவீதம் மட்டுமே. வங்கி ஒன்றே, பணமும் ஒன்றே. எனவே இரு வேறு நியமங்களில் தயாரான அறிக்கைகளை ஒப்பிடுவதற்கு முன், இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து எழுதிக்கொள்ள வேண்டும். நான் எப்போதும் முதலீட்டுக் கணக்குகளைத் தனி வரியில் வைத்து எழுதிக்கொள்கிறேன். எந்தப் பக்கமும் சேர்க்காமல் நிறுத்தினால் பிறகு குழப்பம் வருவதில்லை.

குறிப்பிட்ட திட்டத்துக்கு மட்டும் என்று வாடிக்கையாளர் நிபந்தனை விதித்துக் கொடுத்த பணம் பல அறிக்கைகளில் இருப்புநிலைக் குறிப்புக்கு வெளியே, தனி அறிக்கையாக இருக்கும். வங்கியின் அளவை மதிப்பிடும்போது அதைச் சேர்க்கக் கூடாது. ஆனால் அதை நிர்வகிப்பதற்காக வங்கி பெறும் கூலி வருமானத்தில் வந்திருக்கும் என்பதை மறக்கவும் கூடாது.

ஒப்பந்தங்களைப் பிரித்து எழுதுங்கள்

அடுத்து, சொத்துப் பக்கத்தில் உள்ள நிதியளிப்புகளை ஒப்பந்த வகையின்படி பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள். முராபஹா, தவர்ருக் (தவணைக்கு வாங்கிய பொருளை உடனே ரொக்கத்துக்கு விற்றுப் பணம் திரட்டுவது), இஜாரா, முஷாரகா, முளாரபா, ஸலம் (விலையை முன்பே கொடுத்துப் பொருளைப் பின்னர் பெறுவது), இஸ்திஸ்னா (செய்து தரச் சொல்லி வாங்குவது), ஸுகூக் (சொத்தில் பங்குரிமை தரும் பத்திரங்கள்) முதலீடு என்று ஒவ்வொன்றுக்கும் தொகையும் மொத்தத்தில் அதன் சதவீதமும் வேண்டும். இந்தப் பிரிவு பெரும்பாலும் கணக்குக் குறிப்புகளில் இருக்கும். இதை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு வரிசையாக எழுதிவிட்டாலே, அந்த வங்கி எந்தத் திசையில் போகிறது என்பது பாதி தெரிந்துவிடும்.

பெரும்பாலான வங்கிகளில் முதலிடம் முராபஹாவுக்கே. வங்கி ஒரு பொருளை வாங்கித் தன் உடைமையாக்கி, வாங்கிய விலையையும் லாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லித் தவணைக்கு விற்கும் ஒப்பந்தம் அது. கணக்கில் அது எப்படி வருகிறது என்பதைக் கவனியுங்கள். 100 லட்சத்துக்கு வாங்கிய இயந்திரத்தை 118 லட்சத்துக்கு, மூன்று சம ஆண்டுத் தவணைகளில் செலுத்துமாறு விற்றால், வரவேண்டிய தொகை 118 லட்சம். அதிலிருந்து இன்னும் ஈட்டப்படாத லாபமான 18 லட்சத்தைக் கழித்து, 100 லட்சம் என்று இருப்புநிலைக் குறிப்பில் நிற்கும். அந்த 18 லட்சத்தை மூன்று ஆண்டுகளுக்கு எப்படிப் பகிர்வது என்பதே கேள்வி. சமமாகப் பிரித்தால் ஆண்டுக்கு 6 லட்சம். மீதமிருக்கும் நிலுவைக்கு ஏற்பப் பிரித்தால் முதல் ஆண்டில் ஏறத்தாழ 8.75 லட்சமும், இரண்டாம் ஆண்டில் 6.08 லட்சமும், மூன்றாம் ஆண்டில் 3.17 லட்சமும் வரும். மொத்தம் மாறாது. ஆனால் வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும் வங்கி இரண்டாம் முறையைப் பின்பற்றினால், புதிய ஒப்பந்தங்கள் குவியும் ஆண்டுகளில் லாபம் உயர்ந்து காணப்படும். வளர்ச்சி நின்ற ஆண்டில் அது திடீரெனச் சரியும். நிலுவைக்கு ஏற்பப் பிரிப்பதே பொருளாதார நோக்கில் நியாயமானது என்பது என் கருத்து. ஆயினும் எந்த முறை என்பதை அறிந்துகொண்டு, ஆண்டுகளுக்கிடையே அது மாற்றப்பட்டதா என்று பார்ப்பது அவசியம்.

முராபஹாவில் இன்னொன்று. விலை ஒருமுறை முடிவானால் தாமதத்துக்காக அதை உயர்த்த முடியாது. வாடிக்கையாளர் தவணை தவறினால் வங்கிக்குக் கூடுதல் வருமானம் வராது. அந்தப் பணம் முடங்கிய காலம் முழுவதும் வங்கிக்கு இழப்பே. இதனால்தான் இஸ்லாமிய வங்கியில் தாமதமான நிலுவைகளின் அட்டவணையை வழக்கமான வங்கியைவிடக் கவலையோடு வாசிக்க வேண்டும். சில இடங்களில் பழைய நிலுவையை அடைக்கவே வாடிக்கையாளருடன் புதிதாகத் தவர்ருக் ஒப்பந்தம் செய்துகொண்டு, பழைய கடனைக் கூடுதல் தொகையுடன் புதுக் கடனாக மாற்றிவிடுகிறார்கள். நிறுவனங்களே ஏற்பாடு செய்யும் தவர்ருக்கை இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் பன்னாட்டு ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டவியல்) அகாடமி 2009இல் ஷார்ஜாவில் கூடியபோது அனுமதிக்கவில்லை. சில நாடுகளின் ஷரீஅத் குழுக்கள் அதை ஏற்கின்றன. கருத்து வேறுபாட்டை நாம் இங்கே தீர்க்க முடியாது. ஆனால் நிதியளிப்பில் தவர்ருக்கின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து, அதே காலத்தில் மறுசீரமைக்கப்பட்ட நிலுவைகளும் உயர்ந்தால், வாராக்கடன் விகிதம் குறைவாக இருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

இஜாரா, அதாவது வாடகை ஒப்பந்தம், ஒப்பீட்டில் வேறு விதமாக வழுக்கும். ஆயோஃபி முறையில் வாடகைக்கு விட்ட சொத்து வங்கியின் சொத்தாகவே கணக்கில் நின்று ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கப்படும். முழு வாடகையும் வருமானமாக வரும். ஐஎஃப்ஆர்எஸ் முறையில், முடிவில் உடைமை வாடிக்கையாளருக்கு மாறும் இஜாராக்கள் பெரும்பாலும் வரவேண்டிய நிலுவையாகவே காட்டப்படுவதால், லாபப் பகுதி மட்டும் வருமானத்தில் தெரியும். ஆகவே தேய்மானத்தைக் கழித்த பிறகே இஜாரா வருமானத்தை முராபஹா வருமானத்தோடு சேர்க்க வேண்டும். இதை மறந்து, இஜாரா மிகுந்த வங்கியின் மொத்த வருமானத்தைப் பார்த்து வியந்தவர்கள் பலர்.

முஷாரகாவும் முளாரபாவும் உண்மையான கூட்டு முயற்சிகள். லாபம் ஒப்புக்கொண்ட விகிதத்தில் பிரியும். முஷாரகாவில் நட்டம் முதலின் விகிதத்தில் மட்டுமே பிரியும். முளாரபாவில் பண நட்டம் முழுவதும் முதல் போட்டவரைச் சேரும், உழைத்தவர் தன் உழைப்பை இழப்பார். இஸ்லாமிய நிதியின் உயிர் இவற்றில்தான் இருக்கிறது என்று பேசுவோர் பலர் உண்டு. அறிக்கையில் இவை பெரும்பாலும் சிறு சதவீதமாகவே தென்படும். இருக்கும் முஷாரகாவிலும் எவ்வளவு வீட்டு நிதிக்கான தேயும் முஷாரகா, எவ்வளவு தொழில் முதலீடு என்று பிரித்துப் பாருங்கள். தேயும் முஷாரகாவில் வங்கியின் பங்கை வாடிக்கையாளர் முன்பே ஒப்புக்கொண்ட தவணைகளில் வாங்கிக்கொள்வதால், அதன் இடர் தொழில் கூட்டாண்மையின் இடரைப் போன்றது அன்று.

ஸுகூக்கைப் பொறுத்தவரை ஒரு கேள்வி போதும்: வெளியிட்டவர் முறிந்தால் சொத்தின் மீது உரிமை கோர முடியுமா, அல்லது வெளியிட்டவர் முகமதிப்புக்கே திரும்ப வாங்குவதாகத் தந்த உறுதிமொழி மட்டும்தான் உள்ளதா? கூட்டாண்மை அடிப்படையிலான ஸுகூக்குகளில் முகமதிப்புக்குத் திரும்ப வாங்கும் உறுதிமொழியை ஆயோஃபி 2008இல் மறுத்தது. கணக்குக் குறிப்பில் இது தெளிவாக இல்லையென்றால், அந்த ஸுகூக்கை வெளியிட்டவரின் கடனாகவே கருதி இடரை மதிப்பிடுங்கள்.

பங்கீட்டுக் கணக்கை நீங்களே போடுங்கள்

இனி வருவது முக்கியமான பகுதி. இதற்கு நேரம் ஒதுக்குங்கள். பங்குதாரரின் பணமும் முதலீட்டுக் கணக்குதாரரின் பணமும் பெரும்பாலும் ஒரே நிதித் தொகுப்பில் கலந்து முதலீடு செய்யப்படுகின்றன. வங்கி அங்கே இரண்டு பாத்திரங்களில் நிற்கிறது: தன் பணத்துக்கு முதலாளி, பிறர் பணத்துக்கு முளாரிப், அதாவது உழைத்துக் கூலிக்குப் பதில் லாபப் பங்கு பெறுபவர். ஈட்டிய லாபம் வாடிக்கையாளர் கையை அடைவதற்கு முன் இரண்டு காப்பு நிதிகளைக் கடக்கிறது. முளாரிபின் பங்கைப் பிரிப்பதற்கு முன்பே எடுக்கப்படுவது லாபச் சமநிலைக் காப்பு நிதி. முளாரிபின் பங்கு போன பிறகு கணக்குதாரரின் பங்கிலிருந்து மட்டும் எடுக்கப்படுவது முதலீட்டு இடர் காப்பு நிதி. முன்னது லாபம் குறையும் ஆண்டில் பங்கீட்டைத் தாங்கவும், பின்னது நட்டத்தை ஈடு செய்யவும் வைக்கப்படுகின்றன.

ஒரு தொகுப்பில் 1,000 கோடி இருப்பதாகக் கொள்வோம். 800 கோடி கணக்குதாரர்களுடையது; 200 கோடி வங்கி இட்டது. முளாரிபின் பங்கு 30 சதவீதம். முதல் ஆண்டில், நேரடிச் செலவும் இழப்பு ஒதுக்கீடும் போக, தொகுப்பு 80 கோடி ஈட்டியது. அதாவது 8 சதவீதம். அதில் 5 கோடி லாபச் சமநிலைக் காப்பு நிதிக்குப் போனது. எஞ்சிய 75 கோடியில் கணக்குதாரர் பணத்துக்கு உரியது 60 கோடி, வங்கியின் பணத்துக்கு உரியது 15 கோடி. 60 கோடியில் முளாரிபாக வங்கி 18 கோடி எடுத்தது. மிஞ்சிய 42 கோடியில் 2 கோடி இடர் காப்பு நிதிக்குப் போக, 40 கோடி பங்கிடப்பட்டது. 800 கோடிக்கு அது 5 சதவீதம். காப்பு நிதிகளே இல்லாதிருந்தால் 5.6 சதவீதம் கிடைத்திருக்கும்.

இரண்டாம் ஆண்டில் தொகுப்பு 50 கோடி மட்டுமே ஈட்டியது, 5 சதவீதம். காப்பு நிதியிலிருந்து 5 கோடியைத் திரும்ப எடுத்ததால் 55 கோடி ஆயிற்று. கணக்குதாரர் பணத்துக்கு 44 கோடி. ஒப்பந்தப்படி 30 சதவீதம் எடுத்திருந்தால் வங்கிக்கு 13.2 கோடி கிடைத்திருக்கும். ஆனால் வாடிக்கையாளர்கள் வெளியேறிவிடுவார்களோ என்ற அச்சத்தில் வங்கி தன் பங்கை 15 சதவீதமாகக் குறைத்து 6.6 கோடி மட்டும் எடுத்தது. எஞ்சிய 37.4 கோடியுடன் இடர் காப்பு நிதியின் 2 கோடியும் சேர, 39.4 கோடி பங்கிடப்பட்டது. அது 4.9 சதவீதம். வாடிக்கையாளர் கண்ணுக்கு 5 என்பது 4.9 ஆகியிருக்கிறது; தொகுப்பின் ஈட்டமோ 8 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு விழுந்திருக்கிறது. காப்பு நிதியும் விட்டுக்கொடுத்த பங்கும் இல்லாவிட்டால் கணக்குதாரருக்கு 3.5 சதவீதமே கிடைத்திருக்கும். வங்கிக்குத் தொகுப்பிலிருந்து கிடைத்தது 33 கோடியிலிருந்து 17.6 கோடியாகக் குறைந்தது. கணக்குதாரர் தாங்கியிருக்க வேண்டிய ஏற்ற இறக்கத்தைப் பங்குதாரர் தாங்கிக்கொண்டார்.

இப்படிச் சந்தை நெருக்கடியால் வாடிக்கையாளரின் இடர் பங்குதாரரின் தோளுக்கு மாறுவதை இடம்பெயர்ந்த வணிக இடர் என்பார்கள். இதற்காகவே, 2002இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட இஸ்லாமிய நிதிச் சேவைகள் வாரியம் தன் மூலதனப் போதுமை விதிகளில் ஆல்ஃபா என்ற எண்ணை வைத்தது. முதலீட்டுக் கணக்குதாரர் பணத்தில் வாங்கிய சொத்துகளின் இடரில் எவ்வளவு பங்குக்கு வங்கி தன் மூலதனத்தை வைத்திருக்க வேண்டும் என்பதை அது சொல்லும். ஆல்ஃபா சுழியமானால், கணக்குதாரரே முழு இடரையும் தாங்குகிறார் என்று பொருள். ஒன்று என்றால், அவர் நடைமுறையில் வழக்கமான வைப்பாளரே. மேற்பார்வை அதிகாரம் ஒரு வங்கியின் கணக்கில் எந்த ஆல்ஃபாவைப் பயன்படுத்துகிறது என்பதை மூலதனக் குறிப்பில் தேடிப் பாருங்கள். லாபநட்டப் பங்கீடு பற்றி அறிக்கையின் முன்பக்கங்கள் சொல்வதற்கும் நடப்பதற்கும் உள்ள தொலைவை அந்த ஓர் எண் காட்டிவிடும்.

காப்பு நிதிகளை நான் குறை கூறவில்லை; ஓய்வூதியர் ஒருவரின் மாத வருவாயை நிலைப்படுத்துவது நல்ல காரியம். ஆனால் இரண்டு கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். முதல் ஆண்டில் பணம் வைத்து 0.6 சதவீதத்தை விட்டுக்கொடுத்த வாடிக்கையாளர் இரண்டாம் ஆண்டில் கணக்கை மூடிவிட்டால், அவர் விட்டதை வேறொருவர் பெறுகிறார். இதற்கு அவருடைய சம்மதம் ஒப்பந்தத்தில் வாங்கப்பட்டதா? காப்பு நிதியின் தொடக்க இருப்பு, சேர்த்தது, எடுத்தது, இறுதி இருப்பு ஆகிய நான்கும் வெளியிடப்பட்டுள்ளனவா? இந்த நான்கும் இருந்தால் மேலே உள்ள கணக்கை எவரும் திரும்பப் போடலாம். இல்லையென்றால், அந்த வங்கி அறிவிக்கும் லாப விகிதம் நிர்வாகம் முடிவு செய்த எண் என்றே கொள்ள வேண்டும்.

தொகுப்பைப் பற்றி மேலும் இரண்டு குறிப்புகள். வங்கி இட்டதாகச் சொல்லும் 200 கோடியில் ஒரு பகுதி நடப்புக் கணக்குப் பணமாக இருக்கலாம். நடப்புக் கணக்கு கர்ழ், அதாவது வட்டியில்லாக் கடன், அடிப்படையிலானது. வங்கி அதைத் திருப்பித் தரக் கடமைப்பட்டுள்ளதால், அதன் லாபம் வங்கிக்கே உரியது. பங்குதாரரின் வருவாய் விகிதம் வியக்கத்தக்க அளவில் உயர்ந்திருந்தால், திறமையைப் பாராட்டுவதற்கு முன் நடப்புக் கணக்குகளின் அளவைப் பாருங்கள். அடுத்து, இழப்பு ஒதுக்கீடு தொகுப்பிலிருந்து கழிக்கப்பட்டதா, பங்குதாரர் கணக்கிலிருந்தா என்பதையும் கவனியுங்கள். இயல்பான வணிக நட்டம் என்றால் தொகுப்பே தாங்கும். வங்கியின் வரம்பு மீறலாலோ அலட்சியத்தாலோ வந்த நட்டத்தைக் கணக்குதாரர் மீது சுமத்துவதற்கு ஷரீஅத்தில் இடமில்லை. ஒரு பெரிய வாராக்கடன் வெடித்த ஆண்டில், அதைத் தொகுப்பில் போட்டார்களா, ஏன் என்று ஷரீஅத் குழு விளக்கியிருக்கிறதா என்று தேடுவதை நான் ஒருபோதும் விடுவதில்லை.

இழப்பு ஒதுக்கீட்டின் அளவைப் பொறுத்தவரை, 2018 முதல் நடப்புக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 9, நிலுவைகளை மூன்று கட்டங்களாகப் பிரிக்கச் சொல்கிறது: நலமாக இருப்பவற்றுக்கு அடுத்த 12 மாத எதிர்பார்ப்பு இழப்பு, இடர் குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்தவற்றுக்கு முழுக் கால இழப்பு, கெட்டுவிட்டவற்றுக்கும் முழுக் கால இழப்பு. ஆயோஃபியின் 30ஆம் நியமமும் இதே போக்கில் எதிர்பார்ப்பு இழப்பைக் கணக்கிடுகிறது. மூன்றாம் கட்டத்தை மட்டும் பார்த்து நின்றுவிடாமல் இரண்டாம் கட்டம் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று பாருங்கள்; அடுத்த ஆண்டின் செய்தி அங்கேதான் இருக்கும்.

ஷரீஅத் குழுவின் அறிக்கை, தர்மக் கணக்கு, ஜகாத்

ஷரீஅத் மேற்பார்வைக் குழுவின் அறிக்கை பெரும்பாலும் ஒரே பக்கம்தான். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆயோஃபி விதிப்படி குழுவில் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் இருக்க வேண்டும். அவர்கள் ஒப்பந்தங்களின் மாதிரிகளை மட்டும் பார்த்தார்களா, நடந்த பரிவர்த்தனைகளையும் சோதித்தார்களா, லாபப் பங்கீடு ஒப்பந்தப்படி நடந்தது என்று வெளிப்படையாகச் சொல்கிறார்களா என்ற மூன்றையும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு அறிக்கையுடன் சொல்லுக்குச் சொல் ஒப்பிடுவது பயனுள்ள பழக்கம். ஒரு வாக்கியம் நீங்கியிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும்.

ஷரீஅத்துக்கு ஒவ்வாத வழியில் வந்துவிட்ட வருமானமும், தவணை தாமதத்துக்காக வாங்கிய அபராதமும் வங்கியின் வருமானத்தில் சேரக் கூடாது. தர்மக் கணக்குக்கே போக வேண்டும். அந்தக் கணக்கின் குறிப்பை எடுத்து, ஆண்டில் வந்ததும் கொடுக்கப்பட்டதும் எவ்வளவு என்று பாருங்கள். கொடுக்கப்படாமல் இருப்பு ஆண்டுதோறும் வளர்ந்தால், அந்தப் பணத்தை வங்கி தன் பணப் புழக்கத்துக்குப் பயன்படுத்துகிறது என்றுதான் பொருள். ஒவ்வாத வருமானத்தை மொத்த வருமானத்தின் சதவீதமாகவும் எழுதிக்கொள்ளுங்கள். அது சுழியம் என்று ஆண்டுதோறும் சொல்லும் வங்கியைவிட, சிறு தொகையைக் கண்டுபிடித்து, எப்படி வந்தது என்று விளக்கும் வங்கியின் உள் தணிக்கை மீதே எனக்கு நம்பிக்கை அதிகம்.

ஜகாத், அதாவது செல்வத்தின் மீதான கட்டாயத் தானம், பற்றிய குறிப்பில் பார்க்க வேண்டியவை குறைவு. வங்கியே பங்குதாரர் சார்பில் செலுத்துகிறதா, அல்லது ஒரு பங்குக்கு இவ்வளவு என்று அறிவித்துப் பங்குதாரரிடம் விட்டுவிடுகிறதா என்பது ஒன்று. சந்திர ஆண்டுக்கு 2.5 சதவீதமா, சூரிய ஆண்டுக்கு ஏற்பத் திருத்திய 2.577 சதவீதமா என்பது மற்றொன்று. ஜகாத்துக்கு உரிய தொகை 400 கோடியானால் முதல் விகிதத்தில் 10 கோடி, இரண்டாவதில் ஏறத்தாழ 10.31 கோடி. வங்கி செலுத்தாத நிலையில், முதலீட்டுக் கணக்குதாரர் தன் இருப்புக்கான ஜகாத்தைத் தானே கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதை அறிக்கை வாசிப்பவர் நினைவில் கொள்வது நல்லது.

விகிதங்களைக் கடைசியில் போடுங்கள்

இவ்வளவும் எழுதிய பிறகே விகிதங்களுக்கு வர வேண்டும். சொத்து மீதான வருவாயைக் கணக்கிடும்போது, முதலீட்டுக் கணக்குதாரருக்குப் பங்கிடுவதற்கு முன்னுள்ள லாபத்தை மேலே வைத்து ஒரு முறையும், பங்கிட்ட பின்னுள்ள நிகர லாபத்தை வைத்து இன்னொரு முறையும் போடுங்கள். முன்னது வங்கி முதலீட்டில் எவ்வளவு திறமை காட்டுகிறது என்பதைச் சொல்லும். பின்னது அந்தத் திறமையின் பலனில் பங்குதாரருக்கு எவ்வளவு சேர்ந்தது என்பதைச் சொல்லும். செலவு–வருமான விகிதத்தில் கணக்குதாரருக்குக் கொடுத்த பங்கைச் செலவாகச் சேர்க்காதீர்கள்.

வழக்கமான வங்கிக்கு இல்லாத ஒரு விகிதம் இங்கே மிகப் பயனுள்ளது: ஒப்பந்தப்படி முளாரிபுக்கு உரிய பங்கையும் வங்கி எடுத்த பங்கையும் ஒப்பிடுவது. நம் எடுத்துக்காட்டில் இரண்டாம் ஆண்டில் 30க்கு 15. ஐந்து ஆண்டுகளில் நான்கு ஆண்டுகள் வங்கி தன் பங்கை விட்டுக்கொடுத்தால், அது போட்டிக்கு ஈடுகொடுக்க முடியாமல் மூச்சு வாங்குகிறது என்று பொருள். எதிர்மாறாக, தொகுப்பின் ஈட்டம் உயர்ந்த ஆண்டுகளிலும் கணக்குதாரர் பங்கு அசையாமல் நின்றால், உயர்வின் பலன் முழுவதும் பங்குதாரருக்குப் போகிறது. அறிவிக்கப்பட்ட லாப விகிதத்தை அதே சந்தையின் வட்டி விகிதத்துக்குப் பக்கத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு எழுதிப் பாருங்கள். இரண்டும் எப்போதும் ஒட்டியே நடந்தால், தொகுப்பின் உண்மை ஈட்டம் பங்கீட்டைத் தீர்மானிக்கவில்லை என்பது விளங்கும்.

நிதியளிப்பு எந்தத் துறையில் குவிந்திருக்கிறது என்பதையும் விகிதமாக எழுதுங்கள். சொத்து அடிப்படையிலான ஒப்பந்தங்கள் என்பதால் இஸ்லாமிய வங்கிகள் நிலம், கட்டடம் பக்கம் எளிதில் சாய்கின்றன. 2008 நெருக்கடியைப் பற்றிப் பன்னாட்டு நிதியத்தின் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு, அந்த ஆண்டில் இஸ்லாமிய வங்கிகளின் லாபம் ஒப்பீட்டளவில் தாக்குப்பிடித்ததையும், நெருக்கடி நிலம், கட்டடம் போன்ற உண்மைப் பொருளாதாரத்துக்குப் பரவிய 2009இல் சில வங்கிகளின் இடர் மேலாண்மைக் குறைகளால் லாபம் கூடுதலாகச் சரிந்ததையும் காட்டியது. ஒரே ஆண்டின் எண்களை வைத்து ஒரு வங்கியைப் புகழவும் இகழவும் கூடாது என்பதற்கு அதுவே போதிய சான்று.

சமூக நோக்கங்களை, அதாவது மகாஸித் அளவுகோல்களை, எண்களாக்கும் குறியீடுகளும் உள்ளன. கல்வி, நீதி, பொது நலன் என்ற தலைப்புகளில் ஆய்வு நிதி, கூட்டாண்மை நிதியளிப்பின் பங்கு, ஜகாத் விகிதம் போன்றவற்றுக்கு எடை கொடுத்துக் கூட்டுவார்கள். எடையை யார் நிர்ணயிப்பது என்பதில் ஒருமித்த கருத்து இல்லாததால், கூட்டிய இறுதி மதிப்பெண்ணைவிட அதன் உறுப்புகளைத் தனித்தனியே பார்ப்பதே எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. கர்ழ் ஹஸன் என்னும் வட்டியில்லா உதவிக் கடன் நிதி எவ்வளவு, அது எத்தனை பேருக்குச் சென்றது, சிறு தொழில்களுக்கான நிதியளிப்பு மொத்தத்தில் எவ்வளவு என்ற மூன்று எண்கள் அறிக்கையில் இருந்தால் அவற்றை உங்கள் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாள் நிறைந்த பிறகும் சில கட்டங்கள் வெறுமையாகவே இருக்கும். பெரும்பாலும் அவை காப்பு நிதிகளின் அசைவு, தொகுப்பில் நடப்புக் கணக்குப் பணத்தின் பங்கு, முளாரிப் எடுத்த உண்மை விகிதம் ஆகிய மூன்றாகவே இருக்கும். அவற்றை வங்கியின் முதலீட்டாளர் தொடர்புப் பிரிவுக்கும் ஷரீஅத் குழுவின் செயலருக்கும் தனித்தனியே எழுத்தில் கேளுங்கள். முதலீட்டுக் கணக்கு வைத்திருப்பவர் என்றால், உங்கள் ஒப்பந்தத்தின் தேதியையும் அதில் எழுதப்பட்ட லாப விகிதத்தையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். முளாரபா ஒப்பந்தத்தில் முதல் போட்டவர் என்ற முறையில், தன் பணம் ஈட்டியது எவ்வளவு, அது எப்படிப் பிரிக்கப்பட்டது என்று கேட்பது உங்கள் உரிமை.